ரைசன் 7600ஆ, ஐ5-14400ஆ? முதல் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு

"அண்ணா, 14400க்குப் பத்து கோர். 7600க்கு ஆறுதான். இதுல யோசிக்க என்ன இருக்குது?"

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தம்பி கேட்டான். அவனுக்கு வலரன்ட் விளையாட வேண்டும். அவன் அக்காவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்ய வேண்டும். சித்தூர், வண்ணாமடை, கோபாலபுரம் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் முகூர்த்தம் பிடிக்கிற ஒரு ஸ்டுடியோவுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். கம்ப்யூட்டர் ஒன்றுதான் வாங்கித் தர முடியும், சண்டை போடாமல் முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று சித்தப்பா தோப்புக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த இருவருக்கும் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஏஎம்டியின் ரைசன் 5 7600, இன்டெலின் கோர் ஐ5-14400, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர்களில் இந்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கோர் என்பது பிராசசருக்குள் வேலை செய்கிற ஒரு தனிக் கை. நடுத்தர பட்ஜெட்டில் கடைக்குப் போனால் எதிரெதிரே நிற்கிற ஜோடி இது. நீங்கள் பார்ப்பது வேறு ஜோடியாக இருந்தாலும் வழி இதேதான்.

முதலில், பெயரைப் படிக்கப் பழகுங்கள்

கடைக்காரர் "ஐ5 இருக்குது, ரைசன் 5 இருக்குது" என்று சொன்னால் அது பாதிப் பெயர்தான். எட்டு வருடத்துக்கு முந்தைய ஐ5-உம் ஐ5தான்.

ஐ5-14400 என்பதில் 14 தலைமுறை, 400 அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். கடைசியில் வரும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. கே என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்.

ரைசனில் முதல் எண் வரிசையைச் சொல்லும், அடுத்தது தரத்தை. கடைசியில் எக்ஸ்3டி என்று வந்தால் சிப்பின் மேல் கூடுதல் கேஷ், அதாவது பிராசசரின் கைக்கெட்டும் சின்ன நினைவகம், அடுக்கப்பட்டிருக்கிறது. கேம் ஆடுகிறவர்கள் அதற்காகவே காசு கொடுக்கிறார்கள். ஜி என்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கொஞ்சம் பெரியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 8600ஜி என்ற எண் 7600ஐ விடப் பெரிதாகத் தெரியும். ஆனால் 7600இல் எல்3 கேஷ் 32 எம்பி, 8600ஜியில் 16 எம்பிதான். கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பிசிஐஇ பாதையும் அதில் பாதி. தனி கார்டு போட்டு ஆடுவதாக இருந்தால் 7600தான் மேல். கார்டு வாங்கவே காசில்லை, சின்ன கேம்கள் ஓடினால் போதும் என்பவருக்கு 8600ஜி நல்ல சாமான். பழைய வரிசையிலும் இதே கதைதான்: 5500க்கும் 5600க்கும் நூறு எண்தான் வித்தியாசம், கேஷில் சரிபாதி வித்தியாசம்.

பத்து கோர், ஆறு கோர்: தேங்காய்க் களத்தில் பார்த்தால்

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். 7600இல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். 14400இல் பத்து கோர், பதினாறு த்ரெட், உச்ச வேகம் 4.7. ஆனால் அந்தப் பத்தும் ஒரே மாதிரி இல்லை. ஆறு பெரிய கோர், நான்கு சிறிய கோர்.

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். களத்தில் தேங்காய் மட்டை உரிக்க ஆறு பேர் நிற்கிறார்கள். பக்கத்துக் களத்தில் ஆறு பேரோடு எடுபிடிக்கு நான்கு பேர். லாரி லோடு வந்து இறங்கிவிட்டது, பொழுது சாய்வதற்குள் எல்லாம் உரித்தாக வேண்டும் என்றால் பத்துப் பேர் களம் முன்னால் முடிக்கும். வீடியோவை ரெண்டர் போடுவது, பெரிய ஃபைலைச் சுருக்குவது, கோடு கம்பைல் செய்வது எல்லாம் லோடு வேலை. பிரித்துக் கொடுத்தால் எல்லாக் கையும் ஓடும்.

கேம் அப்படி இல்லை. அதில் முக்கியமான ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். ஒரே ஆள் ஒவ்வொரு காயாக உரித்து நீட்ட, வாங்குகிறவர் காத்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட அந்த ஒரு ஆளின் கை வேகம்தான் கணக்கு. கேஷ் என்பது அவர் காலடியில் குவித்து வைத்திருக்கும் காய். குவியல் தீர்ந்தால் எழுந்து கொட்டகைக்குப் போய் அள்ளிக்கொண்டு வர வேண்டும். அந்தக் கொட்டகைதான் ரேம். 7600இன் குவியல் 32 எம்பி, 14400இன் குவியல் 20 எம்பி. வலரன்ட் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் கேமில் 7600 முந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சண்டை போடாதீர்கள். எடுபிடி ஆள் நான்கு பேர் வீண் என்றும் சொல்லவில்லை. கேம் ஓடும்போது பின்னால் நடக்கிற டிஸ்கார்ட், பிரவுசர், ஆன்டிவைரஸ் வேலைகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் திரை என்ன, கார்டு என்ன

இந்தக் கேள்வியைக் கேட்டதும் தம்பி முகம் கொஞ்சம் வாடியது. அவனிடம் இருந்தது பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். ஒரு நொடிக்கு 60 முறை மட்டுமே படத்தை மாற்றுகிற திரையில் 200 எஃப்பிஎஸ் (கேம் ஒரு நொடிக்குத் தருகிற படங்கள்) வந்தாலும் 300 வந்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60தான். கையின் அசைவுக்குப் படம் சற்றுச் சீக்கிரம் பதில் சொல்லும், அது மட்டும்தான் மிச்சம். 144 ஹெர்ட்ஸ், 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிய பிறகுதான் பிராசசர் சண்டைக்கே அர்த்தம் வரும்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 4060 அளவிலான கார்டு போட்டு, சைபர்பங்க் 2077 மாதிரி கனமான கேமை அழகு கூட்டி ஆடினால், மூச்சு வாங்குவது கார்டுதான். அப்போது 7600 போட்டாலும் 14400 போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே எண்தான் வரும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில் உங்களுக்குப் பிடித்த கேமை ஓட்டுங்கள். கேமின் மேலேயே எண்களைக் காட்டுகிற ஓவர்லேயில் கார்டின் பயன்பாடு 97, 98 சதவீதத்தில் நிற்கிறதா? அங்கே பிராசசரை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கார்டு 60 சதவீதத்தில் சோம்பிக் கிடக்க, எஃப்பிஎஸ் மட்டும் ஏறவில்லையா? பிராசசர்தான் தடுக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எண் ஏறினால் கார்டு, அசையாமல் நின்றால் பிராசசர். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் நிறையப் பேர்.

ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்க்கும்போது

விமர்சகர்கள் பிராசசரைச் சோதிக்க ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரி மிகப்பெரிய கார்டைப் போட்டு 1080பியில் ஓட்டுவார்கள். ஏமாற்று இல்லை. கார்டு தடையாக இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது. அதில் 7600 கை ஓங்கியிருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் அப்படியே உங்கள் மேசைக்கு வராது.

சராசரி எஃப்பிஎஸ் பக்கத்தில் 1 சதவீத லோ என்று ஓர் எண் போடுவார்கள். படம் மிக மெதுவாக வருகிற தருணங்களின் எஃப்பிஎஸ் அது. அதைப் பாருங்கள். சராசரி 140, லோ 60 என்றால் விளையாடும்போது அடிக்கடி திக்கும். சராசரி 120, லோ 95 என்பது அதைவிடச் சுகம்.

அப்புறம், திரையை இரண்டாகப் பிரித்து இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண் ஓட, பின்னால் பாட்டு மட்டும் போட்டிருக்கும் வீடியோக்கள் உண்டு. சிப்பும் தெரியாது, சோதிக்கிற ஆளும் தெரியாது. அவற்றை நான் நம்புவதில்லை.

எஃப் எழுத்தும் அக்காவின் வேலையும்

அதுவரை பேசாமல் இருந்த அக்கா இந்த இடத்தில் புகுந்தாள். "ஏண்டா, என் வீடியோ ஓடுமா ஓடாதான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

நியாயம்தான். அவளுடைய ஸ்டுடியோவில் சோனி கேமரா. பத்து பிட், 4:2:2, எச்.265 என்று பதிவு செய்கிறார்கள். கல்யாணத்தில் பட்டுப்புடவையின் நிறம் கெடாமல் திருத்த அது வசதி. ஆனால் அந்த ஃபைலை டைம்லைனில் போட்டு இழுத்தால் பல கம்ப்யூட்டர்கள் திணறும். தாலி கட்டுகிற காட்சியைத் தேடி முன்னும் பின்னும் தள்ளும்போது படம் நின்று நின்று வரும்.

ஏன் என்றால் அந்த வகை ஃபைலைப் பிரித்துப் படிக்கிற தனி வன்பொருள் எல்லாச் சிப்பிலும் இல்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் அது இருக்கிறது. குயிக் சிங்க் என்று பெயர். 7600இன் உள் கிராபிக்ஸில் இந்த 4:2:2க்கு வசதி இல்லை. என்விடியாவும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கார்டுகளில் இல்லை.

இப்போது எஃப் எழுத்தின் விலை புரிகிறதா? 2024 ஜனவரியில் அறிமுகமானபோது 14400 221 டாலர், 14400எஃப் 196 டாலர். கார்டுதான் போடப் போகிறோமே, உள் கிராபிக்ஸ் எதற்கு என்று அந்த 25 டாலரை மிச்சம் பிடிப்பதுதான் கேம் ஆடுகிறவரின் கணக்கு. அவருக்கு அது சரி. அக்காவுக்கு அந்த 25 டாலரில்தான் தினசரி வேலையே இருக்கிறது.

எட்டு பிட் 4:2:0 ஃபைல், அதாவது சாதாரண போன் வீடியோ மாதிரியானவை மட்டும் எடிட் செய்கிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம். அதை எல்லோரும் படிப்பார்கள். எச்.264இல் 4:2:2 எடுக்கிற கேமராவாக இருந்தால் 14400உம் உதவாது. அதனால் ஸ்டுடியோவிலிருந்து ஒரு ஃபைலை வாங்கி மீடியாஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் திறந்து, என்ன வகை என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. தனி கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய் அதை மறுபடி இயக்க வேண்டும். ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதுபோல ஒரு பெயரில் இருக்கும். வாங்கிய வசதியைத் தூங்க வைத்துவிட்டு, இன்டெல் ஏமாற்றிவிட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மற்ற வேலைகளைப் பற்றிச் சுருக்கமாக: டேலி, எக்செல், டிடிபி, காலேஜ் ப்ராஜெக்ட் எதற்கும் இரண்டில் எதுவும் போதும், சொல்லப்போனால் இரண்டுமே அதிகம். வீட்டு பிளான் வரைகிற ஆட்டோகேடுக்கு ஒற்றைக் கோர் வேகம் முக்கியம் என்பதால் 7600 பக்கம் சாய்வேன். நீண்ட ரெண்டரில் 14400 கொஞ்சம் முந்தும். அதுவும் போர்டு பவர் லிமிட்டைத் தளர்த்தி வைத்திருந்தால்தான். 65 வாட்டுக்குள் கட்டிப்போட்டால் அந்த முன்னிலை கரைந்துவிடும்.

பில்லை மொத்தமாகப் போடுங்கள்

பிராசசர் தனியாக ஓடாது. பிராசசர், போர்டு, ரேம், கூலர் என்று நான்கையும் ஒரே நாளில், ஒரே கடையில் விலை கேட்டு எழுதுங்கள். இரண்டு பத்தி போட்டுக் கூட்டுங்கள். ரூபாயில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு, எழுதி வைக்கிற விலைக்கு ஒரு மாத ஆயுள்கூட இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

7600 உட்காரும் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போடலாம். 14400க்கான எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. பழைய கம்ப்யூட்டரில் நல்ல டிடிஆர்4 3200 ரேம் 16 ஜிபி சும்மா கிடக்கிறது என்றால் இன்டெல் பக்கம் பெரிய மிச்சம். கேமில் கொஞ்சம் வேகம் குறையும், பரவாயில்லை. புதிதாக ரேம் வாங்குவதாக இருந்தால் டிடிஆர்4இல் காசு போடாதீர்கள்.

கூலர் 7600 பெட்டிக்குள்ளேயே வரும். 14400 பெட்டியிலும் வரும். இரண்டுமே ஒப்புக்குக் கொடுப்பவைதான். பாலக்காட்டு வெயிலுக்கு என்ன செய்வது என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, நாளைக்கு. எல்ஜிஏ1700 சாக்கெட், அதாவது போர்டில் பிராசசர் உட்காரும் இடம், 12, 13, 14 என்று மூன்று தலைமுறையோடு நின்றுவிட்டது; 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851 என்ற வேறு சாக்கெட். ஏஎம்5 2022 செப்டம்பரில் வந்தது. 2024இல் வந்த 9000 வரிசையும் அதே போர்டில் உட்காரும், பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும். 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டைத் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இதற்கு முந்தைய ஏஎம்4இல் 2017 போர்டில் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியைப் போட்டு ஓட்டியவர்கள் உண்டு. அதனால் அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

ஆனால் உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மூன்று வருடம் கழித்து நிஜமாகவே பிராசசரை மட்டும் கழற்றி மாற்றுவீர்களா? மாற்றுகிற ஆள் என்றால் ஏஎம்5. ஏழு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு மொத்தமாக விற்கிற வீடு என்றால் இந்த வசதிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மிச்சக் கணக்கில் ஒரு தவறு சகஜமாக நடக்கிறது. பேச்சுக்கு ஒன்று 3,000 ரூபாய் மலிவு என்று வையுங்கள். பிராசசர் விலையில் அது பெரிய சதவீதமாகத் தெரியும். 75,000 ரூபாய் கம்ப்யூட்டரில் அது நூற்றுக்கு நான்கு. அதே 3,000ஐ மானிட்டரிலோ கார்டிலோ போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல் கெட்டுப்போகிறதாமே என்று யாராவது பயமுறுத்துவார்கள். 2024இல் அந்தப் பிரச்சினை நடந்தது உண்மை. அளவுக்கு மீறிய வோல்டேஜால் சிப் தேய்ந்தது. இன்டெல் பயாஸ் வழியாகத் திருத்தம் கொடுத்து, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தப் பட்டியலில் ஐ5-13600கே, 14600கே, அதற்கு மேல் ஐ7, ஐ9 இருந்தன. 14400 அதில் இல்லை. பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கோயம்புத்தூரா, பாலக்காடா

வேலந்தாவளத்தில் பஸ் ஏறினால் கோயம்புத்தூர் எட்டும் தூரம்தான். காந்திபுரத்துக் கடைகளில் சரக்கு அதிகம், பேரம் பேச இடம் உண்டு. ஒரு காலத்தில் கேரளத்தில் வெள்ள செஸ் என்று 1 சதவீதம் கூடுதலாகப் போட்டார்கள். 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை. அப்போது அந்தப் பக்கம் போய் வாங்கியதில் ஒரு லாபம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். வித்தியாசம் கடைக்காரரின் லாபத்தில் மட்டுமே. ரிப்பேருக்குத் திரும்பப் போகிற தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

பெட்டியோடு வாங்குங்கள். சீல் போட்ட பெட்டிக்கு இரண்டு கம்பெனியும் மூன்று வருட வாரண்டி தருகின்றன. பெட்டி இல்லாமல் வெறும் சிப்பை நீட்டினால் அதற்கு வாரண்டி கடைக்காரரின் வாய்ப்பேச்சுதான்.

என் கதையைச் சொல்கிறேன். முன்பு ஒரு கடையில் போர்டு வாங்கினேன், பெட்டியைத் திறக்காமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டில் வந்து சாக்கெட் மூடியைத் தூக்கினால் ஓரத்தில் இரண்டு ஊசி சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் கொண்டுபோனால், "நீங்க மாட்டும்போது வளைச்சிருப்பீங்க சார்" என்றார்கள். நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? இப்போதெல்லாம் கடையிலேயே பெட்டியைத் திறந்து, போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கடைக்காரரையும் கூப்பிட்டு வைத்துப் பார்க்கிறேன். ஊசிகள் எல்லாம் நாற்று நட்ட வயல் மாதிரி ஒரே வரிசையில் மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மினுக்கம் மாறினாலும் வேறு போர்டு கேளுங்கள். ஏஎம்5, எல்ஜிஏ1700 இரண்டிலும் ஊசி போர்டில்தான் இருக்கிறது, சிப்பில் இல்லை.

போர்டில் இருக்கும் பயாஸ் உங்கள் பிராசசரைவிடப் பழையதாக இருந்தால் திரையே வராது. கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

பூட்டும்போது

சிப்பின் மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சும்மா வையுங்கள், அழுத்தக் கூடாது. லீவரை இறக்கும்போது கறகறவென்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை எல்லோருக்கும் வயிற்றைப் பிசையும். அது வழக்கமான சத்தம்தான்.

கூடவே வரும் கூலரில் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் முன்கூட்டியே தடவியிருப்பார்கள். அதன் மேல் இன்னொரு முறை தடவ வேண்டாம். ரைசன் கூலருக்கு, போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் பிடிகளை முதலில் கழற்றிவிட்டு, நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இன்டெல் கூலருக்கு நான்கு கால். ஒவ்வொன்றும் டக் என்று உட்கார வேண்டும். போர்டைத் திருப்பிப் பார்த்து நான்கும் வெளியே எட்டிப் பார்க்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். மூன்று கால் உட்கார்ந்து ஒன்று தொங்கினால் சூடு எகிறும்.

7600 பூட்டி முதல் முறை ஸ்விட்ச் போட்டதும் திரை இருட்டாகவே இருக்கும். ஃபேன் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. பயப்பட வேண்டாம். ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொள்கிறது. சில நிமிடங்கள் ஆகும். பதறிப்போய் அணைத்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

திரை வந்ததும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்குங்கள். இல்லையென்றால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். வலரன்ட் ஆடுகிறவர்கள் அங்கேயே டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் 11இல் அவை இல்லாமல் அந்த கேம் திறக்காது.

நம் ஊர்ச் சூடு, நம் ஊர்க் கரண்ட்

விமர்சகர்கள் பெரும்பாலும் ஏசி போட்ட அறையில் சோதிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் பிராசசர் 75க்குப் போனது என்றால், அறையைவிட 53 டிகிரி மேல். அதே கூலர், அதே வேலை, நம் கான்கிரீட் மாடியறையில் ஏப்ரல் மதியம் 38 டிகிரி. இப்போது கூட்டிப் பாருங்கள். 91 வருகிறது. 7600இன் எல்லை 95, 14400இன் எல்லை 100. எல்லையைத் தொட்டால் எரிந்துவிடாது, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கோயம்புத்தூர்க் கடையில் பார்த்த வேகம் வீட்டில் வரவில்லை என்றால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

பெட்டியில் 65 வாட் என்றுதான் இரண்டிலும் போட்டிருக்கும். 7600 முழு மூச்சில் 88 வாட் வரை இழுக்கும். 14400க்கு இன்டெலே 148 வரை அனுமதிக்கிறது. அதனால் இன்டெல் வாங்கினால் தனி டவர் கூலருக்கு ஒரு தொகை ஒதுக்கியே ஆக வேண்டும். ரைசனுக்கும் போட்டால் நல்லது, போடாவிட்டாலும் கேமுக்குச் சமாளிக்கும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. முழு மூச்சில் 60 வாட் வித்தியாசம் என்று வைத்து, தினம் நான்கு மணி நேரம் ரெண்டர் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். சும்மா இருக்கும்போது ரைசன்தான் கொஞ்சம் கூடக் குடிக்கும். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் கொஞ்சம் யூனிட் இலவசம், இங்கே கேரளத்தில் மாதம் 250ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மேல்விலை என்று சித்தப்பா புலம்புவார். அது ஏசிக்கும் மோட்டாருக்கும் பார்க்க வேண்டிய கணக்கு.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. 600விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கேம் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடலாம். 1,000விஏ பாருங்கள். கணவாய்க் காற்று அடிக்கிற மார்கழி, தை மாதங்களில் ஃபில்டரில் தூசி அப்பிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பிராசசரை முழு மூச்சில் ஓட வைக்கிற சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, பக்கத்தில் எச்டபிள்யுஇன்ஃபோவைத் திறந்து சூட்டைப் பாருங்கள். காலையில் ஒருமுறை, மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை. மதியத்து எண் எல்லைக்கு ஐந்து டிகிரி கீழே நின்றால் சரி.

கேம் மட்டும்தான் என்று வருகிறவருக்கு நான் 7600ஐச் சொல்வேன். என் மேசையில் இருப்பதும் அதுதான். பழைய டிடிஆர்4 ரேம் கையில் இருப்பவருக்கு 14400எஃப். சித்தி வீட்டுக்கு எஃப் இல்லாத 14400, டிடிஆர்5 போர்டு, ஒரு டவர் கூலர் என்று முடித்தோம். தம்பிக்கு மனக்குறைதான். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் சேர்த்துக் கொடுத்ததும் சமாதானம் ஆனான்.

பூட்டி முடித்து நான் கிளம்பி வந்த அன்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "அண்ணா, புது கார்டு வீண். சைபர்பங்க் பத்து எஃப்பிஎஸ் கூட வரல. அக்கா வேற சிரிக்கிறா."

மானிட்டர் வயரை எங்கே குத்தியிருக்கிறாய், போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். கார்டு கீழே சும்மா இருக்க, வயர் மேலே மதர்போர்டில் இருந்தது. எஃப் வாங்கியிருந்தால் திரையே வந்திருக்காது, உடனே தெரிந்திருக்கும். இதில் உள் கிராபிக்ஸ் இருந்ததால் படம் வந்துவிட்டது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வயரைப் பிடுங்கிக் கீழே இருக்கும் கார்டில் குத்தச் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு நாளைக்குப் போன் வரவில்லை.